முன்பணம் வாங்கினால் மீனும் அவருக்கே சொந்தமா? – வாசகர் கேள்விகளும் சட்ட விளக்கமும்

(தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒப்பந்தம் தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் வழக்கறிஞர் விடையளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு உள்ளது. எஞ்சினும் வலையும் வாங்க ஒரு மீன் வியாபாரியிடம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கினேன். கடன் அடையும் வரை மீன், நண்டு எல்லாவற்றையும் அவருக்கே போட வேண்டும் என்பது வாய்ப்பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. கரையில் ஏலம் போகும் விலையைவிடக் கிலோவுக்கு முப்பது, நாற்பது ரூபாய் குறைத்தே கணக்கு எழுதுகிறார். வேறு ஆளுக்குப் போட்டால் வழக்குப் போடுவேன், படகைத் தூக்குவேன் என்கிறார். எழுத்தில்லாத பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா?
— வாசகர், பாம்பன்

பதில்: மதிப்பு உண்டு. 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று பொதுவாக எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் முன்மொழிய, மற்றவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள, இரு பக்கமும் ஏதேனும் ஒரு மறுபயன் (கொடுப்பதற்கு ஈடாகக் கிடைப்பது) இருந்து, இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர்களாகவும் சுதந்திரமாகச் சம்மதித்தவர்களாகவும் இருந்து, நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், கடற்கரை மணலில் நின்று பேசிய பேச்சும் அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி ஒப்பந்தமே. நிலத்தை விற்பது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே எழுத்தும் பதிவும் தேவை. நம் பக்கத்தில் எந்தத் தகராறு வந்தாலும் “பத்திரம் இருக்கிறதா?” என்ற கேள்விதான் முதலில் எழுகிறது, நீதிமன்றத்தில் அது பெரும்பாலும் கடைசிக் கேள்வி. பத்திரம் என்பது நடந்ததை மெய்ப்பிக்கும் சான்று மட்டுமே.

சான்று வேண்டும் என்பது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். பணம் வங்கி வழியாக வந்திருந்தால் அந்தப் பதிவு, அவருடைய ஆள் எழுதித் தரும் துண்டுச் சீட்டுகள், நாள்தோறும் போட்ட மீனின் எடை குறித்த உங்கள் நோட்டுப் புத்தகம், அலைபேசிக்கு வந்த குரல் பதிவுகள் ஆகிய எல்லாம் சான்றுகளே. அலைபேசிப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்க்க வேண்டும்.

இனி உங்கள் வழக்கின் உயிர்நிலையான விலைக்கு வருவோம். நீங்கள் கொடுத்த வாக்குகள் இரண்டு: ஒன்று பணத்தைத் திருப்பித் தருவது, மற்றொன்று மீனை அவருக்கே போடுவது. எந்த விலைக்குப் போடுவது என்று பேசப்பட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 9-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. விலையை ஒப்பந்தமே குறித்திருக்கலாம், குறிக்கும் முறையைச் சொல்லியிருக்கலாம், அல்லது இரு தரப்பாரின் தொடர்ந்த வழக்கத்திலிருந்து அது தெரியவரலாம். இவற்றில் எதுவும் இல்லையென்றால் வாங்குபவர் நியாயமான விலையைத் தர வேண்டும். நியாயமான விலை எது என்பதற்கு அன்றைய ஏல விலையைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவர் எழுதிய விலையை மூன்று ஆண்டுகளாக மறுப்பின்றி வாங்கி வந்திருக்கிறீர்கள் என்பதையே “தொடர்ந்த வழக்கம்” என்று அவர் தரப்பு வாதிடும். ஆகவே, குறைத்த விலையை ஏற்கவில்லை என்பதை இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வேறு ஒருவருக்கு மீன் போடக்கூடாது என்ற தடை செல்லுமா என்று பார்த்தால், தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. எனினும், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு மட்டும் “எனக்கே கொடு” என்று கேட்பது பொதுவாக இந்தத் தடைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் குஜராத் பாட்டிலிங் வழக்கில் கூறியுள்ளது. எனவே கடன் நிலுவையில் உள்ள வரை அந்த வாக்குக்கு ஓரளவு வலு உண்டு. கடன் தீர்ந்த மறுநாள் அதற்கு வலுவில்லை. வாக்கை மீறினாலும், 73-ஆம் பிரிவின்படி அவர் கேட்கக்கூடியது அந்த மீறலால் இயல்பாக நேர்ந்த இழப்புக்கான ஈட்டுத்தொகையைத்தான். படகை அடமானமாக எழுதிக் கொடுக்காதபோது அதைத் தாமாகவே தூக்கிச் செல்ல அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அப்படிச் செய்தால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயமாகிவிடும்.

இன்னொரு சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976 என்றவுடன் செங்கல் சூளையும் அரிசி ஆலையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் முன்பணத்துக்கு ஈடாக, தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை ஒருவர் இழக்கும் நிலையையும் அந்தச் சட்டத்தின் விளக்கம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முன்பணம் கொடுக்கும் ஒவ்வொரு வியாபாரியையும் இந்தச் சட்டத்துக்குள் இழுப்பது முறையல்ல. வங்கி கைவிரித்த நேரத்தில் வலைக்கும் டீசலுக்கும் பணம் தந்து, ஏல விலையிலேயே கணக்கு முடிப்பவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கடன் குறையாமலே இருக்க, விலை மட்டும் குறைந்துகொண்டே போகும் ஏற்பாட்டை நான் அந்த வகையில் சேர்க்க மாட்டேன். கொடுத்தவர் தம் மேலாதிக்கத்தைப் பயன்படுத்தி நேர்மையற்ற ஆதாயம் பெற்றிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறும் முறையற்ற செல்வாக்கு என்ற வாதமும் உங்களுக்கு உண்டு.

முதலில் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மீதியைக் கட்ட முன்வந்து அவர் வாங்க மறுத்தால், பணத்தை நீட்டியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். 38-ஆம் பிரிவின்படி, நீட்டியும் வாங்காதது அவர் குற்றமே தவிர உங்கள் தவறாகாது. அதன் பிறகு இராமநாதபுரத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்ளத் தகுந்த தகராறுதான் இது.

கேள்வி: நான் விசைப்படகில் கடலுக்குப் போகும் தொழிலாளி. மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பச் செலவுக்காகச் சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) நாற்பதாயிரம் ரூபாய் வாங்கினேன். இப்போது வேறு படகில் பங்கு அதிகம் தருகிறார்கள். பணத்தை அடைக்காமல் இறங்க முடியாது என்று சொல்லி, என் ஆதார் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். பணம் வாங்கியது உண்மைதான். என்ன செய்வது?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாங்கிய பணம் கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கரையில் இருக்கும் தொழிலாளிக்கு அடுப்பு எரிய உதவிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கடன் வேறு, உடல் உழைப்பைக் கட்டிப்போடுவது வேறு.

ஒருவர் இன்னாரிடம்தான் வேலை செய்ய வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. ஒருவரின் தனிப்பட்ட திறமையையும் உழைப்பையும் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி ஆணையிட முடியாது என்பது குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 1963-இன் 14-ஆம் பிரிவில் உள்ளது. சம்மாட்டி செய்யக்கூடியது பணத்துக்காக உரிமையியல் வழக்குத் தொடுப்பது மட்டுமே. முன்பணத்தைக் காட்டி, வேறு வேலைக்குச் செல்லும் உரிமையைப் பறித்தால் அது அரசியல் சாசனத்தின் 23-ஆவது உறுப்பும், முந்தைய விடையில் சொன்ன 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்த செயலாகிவிடும். அந்தச் சட்டத்தின் கீழ் கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் கடனே ரத்தாகிவிடும். குற்றவாளிக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். ஆதார் அட்டையைத் திரும்பக் கேளுங்கள். புதிய படகிலிருந்து வரும் பங்கில் மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அவர் அதற்கும் இணங்கவில்லை என்றால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறது. ஒரு நிறுவனத்துடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, உலர்ந்த பாசி ஐந்து டன் தருவதாக ஒப்புக்கொண்டோம். முன்பணம் ஐம்பதாயிரம் வாங்கினோம். தவறினால் ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று எழுதியுள்ளது. புயலில் மிதவைகள் அறுந்து போய்விட்டன. இப்போது முன்பணத்தோடு ஒரு லட்சத்தையும் கேட்கிறார்கள்.
— வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் ஒப்பந்தத்தில் “இன்ன இடத்தில் எங்கள் குழு வளர்க்கும் பாசி” என்று இருக்கிறதா, அல்லது வெறுமனே “கடல்பாசி ஐந்து டன்” என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கின் போக்கே இதில்தான் மாறுகிறது.

ஒப்பந்தம் செய்த பிறகு, யாருடைய தவறும் இன்றி, அதை நிறைவேற்றுவது இயலாததாகிவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. இயலாமை என்றால் அச்சொட்டாக இயலாமை என்று கொள்ள வேண்டியதில்லை, ஒப்பந்தத்தின் அடிப்படையே குலைந்து அதன் நோக்கம் பயனற்றுப் போனாலும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சத்யப்ரத கோஷ் வழக்கில் விளக்கியது. இங்கிலாந்தில் 1876-இல் தீர்ந்த ஒரு வழக்கு உங்கள் நிலைக்கு மிக அருகில் வருகிறது. குறிப்பிட்ட நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டார். பயிரில் நோய் விழுந்து பெரும்பகுதி அழிந்துபோனது. அந்த நிலத்து விளைச்சலைப் பற்றியதே ஒப்பந்தம் என்பதால், தர முடியாமல்போன பகுதிக்கு அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று. உங்கள் தாளில் உங்கள் மிதவைகள் குறிப்பிடப்பட்டிருந்தால் நீங்களும் அந்த நிழலில் ஒதுங்கலாம். வெறும் ஐந்து டன் பாசி என்று மட்டும் இருந்தால், வேறு குழுவிடம் வாங்கியாவது கொடுத்திருக்கலாமே என்று நிறுவனம் கேட்கும். விலை ஏறிவிட்டது, நட்டமாகும் என்ற பதிலை 1960 முதலே உச்ச நீதிமன்றம் ஏற்பதில்லை. முன்கூட்டியே தெரிந்த ஒன்றை, காட்டாக ஆண்டுதோறும் வரும் தடைக்காலத்தை, இயலாமைக்குக் காரணமாகக் காட்டவும் முடியாது. புயல் அப்படிப்பட்டதல்ல; ஆனால் பாசி வளர்ப்போர் வடகிழக்குப் பருவக்காற்றை எதிர்பார்த்திருக்க வேண்டாமா என்ற வாதம் எதிர்த்தரப்பிலிருந்து வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஒப்பந்தம் இவ்வாறு செல்லாமல் போனாலும் வாங்கிய ஐம்பதாயிரத்தைத் திருப்பித் தர வேண்டும். பெற்ற ஆதாயத்தை மீளத் தர வேண்டும் என்ற 65-ஆம் பிரிவு இரு பக்கத்துக்கும் பொது.

அந்த ஒரு லட்சத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்ச வரம்புதான். அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் அளிக்கும் என்கிறது 74-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 1963-இல் பதே சந்த் வழக்கில் இதை நிலைநாட்டி, 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில், இழப்பே நேராதபோது குறித்த தொகையைக் கேட்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. நிறுவனம் அதே பாசியை வேறிடத்தில் அதே விலைக்கு வாங்கியிருந்தால் அதற்கு நேர்ந்த இழப்பு என்ன என்று கேளுங்கள். சேதமடைந்த மிதவைகளின் படங்களையும், மீன்வளத் துறைக்கோ வட்டாட்சியருக்கோ கொடுத்த மனுவின் நகலையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிவாசலைப் புதுப்பிக்க, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஐந்து லட்சம் தருவதாக ஜமாஅத் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இப்போது முடியாது என்கிறார். வழக்குப் போடலாமா?
— வாசகர், தொண்டி

பதில்: அவர் சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நன்கொடை தருவேன் என்ற வாக்குக்கு ஈடாக அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. மறுபயன் இல்லாத வாக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, செல்லாது என்பது 25-ஆம் பிரிவு.

இதே பொருளில் இரண்டு பழைய வழக்குகள் அருகருகே வைத்துப் படிக்கத் தக்கவை. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள ஹவுராவில் நகர மண்டபம் கட்ட ஒருவர் 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துகளை நம்பிக் கட்டட ஒப்பந்தக்காரரை அமர்த்தினார்கள். பிறகு அவர் மறுத்தார். பணத்தைத் தர வேண்டும் என்று 1886-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக்ராவில் ஒரு பள்ளிவாசலைப் பழுதுபார்க்க ஒருவர் 500 ரூபாய் தருவதாகச் சொன்னார். அவர் சொல்லை நம்பி எந்த வேலையும் தொடங்கப்படவில்லை. எனவே அதைக் கேட்டுப் பெற முடியாது என்று 1914-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்தது. உங்கள் ஜமாஅத் அவர் சொல்லை நம்பிக் கொத்தனாருக்கும் கம்பிக்கும் பணம் கட்டியிருந்தால், அதுவும் அவருக்குத் தெரிந்து, அவர் விருப்பப்படியே செய்திருந்தால், ஹவுரா வழக்கு உங்களுக்குத் துணை நிற்கும். பழைய சுவருக்கு இன்னும் கடப்பாரைகூட வைக்கவில்லை என்றால் வழக்கை விட்டுவிட்டு ஊர்ப் பெரியவர்களை அனுப்பிப் பேசுவதே மேல். ஏற்கெனவே கொடுத்த நன்கொடையை அவர் திரும்பக் கேட்கவும் முடியாது.

கேள்வி: அப்பா விட்டுப்போன வீட்டில் என் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதித் தரச் சொல்லி அண்ணன் வற்புறுத்தினார். மறுத்தபோது, பூச்சி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, “நீ கையெழுத்துப் போடாவிட்டால் குடித்துவிடுவேன்” என்றார். பயந்து கையெழுத்துப் போட்டு, பதிவும் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: செய்ய முடியும், அம்மா. உங்கள் கதையைப் போன்ற ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் தம் சகோதரருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். அந்த மிரட்டல் 15-ஆம் பிரிவு கூறும் வன்முறைக் கட்டாயமே என்று 1917-இல் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா என்ற அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

கட்டாயத்தால் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. ஆயினும் அந்தப் பத்திரம் தானாகச் செத்துவிடாது. சம்மதித்தவர் முன்வந்து அதை ரத்து செய்யக் கேட்க வேண்டும். பதிவு ஆனது உங்களுக்குத் தடையல்ல. காலம்தான் தடை: ரத்து கோரும் உரிமையைத் தரும் உண்மைகள் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இடையில் அண்ணனிடம் பணம் ஏதும் வாங்கி, அந்தப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது போல் நடந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் யார், அதைப் பற்றி நீங்கள் அன்றே யாரிடம் சொன்னீர்கள் என்பதை நினைவு உள்ளபோதே எழுதி வையுங்கள்.

கேள்வி: பதினேழு வயது மகன் எனக்குத் தெரியாமல் கடையில் தவணைக்கு விலை உயர்ந்த அலைபேசி வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தவணையை நான் கட்ட வேண்டுமா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: நீங்கள் கையெழுத்திடவில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று மோகரி பீபி வழக்கில், அன்று மேல்முறையீடுகளின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்த்துவிட்டது. பதினெட்டு ஆன பிறகு அவன் அதை ஏற்றுக்கொண்டாலும் உயிர் பெறாது. உணவு, உடை, படிப்பு போன்ற தேவைகளுக்குக் கொடுத்த பொருளுக்கு மட்டும், அவன் பெயரில் சொத்து இருந்தால் அதிலிருந்து 68-ஆம் பிரிவின்படி கேட்கலாம். விலை உயர்ந்த அலைபேசியை எந்த நீதிபதியும் அந்தப் பட்டியலில் எளிதில் சேர்க்க மாட்டார். ஆனால் பொருளை வைத்துக்கொண்டு பணமும் தரமாட்டேன் என்பது முறையல்ல. அலைபேசியைக் கடையில் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓராண்டுக்கு முன் வாங்கிய முத்திரைத்தாளில் எழுதிய கடன் ஒப்பந்தம் செல்லாது என்று கடன் வாங்கியவர் சொல்கிறார். ஆறு மாதத்துக்குள் எழுத வேண்டுமாமே?
— வாசகர், கீழக்கரை

பதில்: இது நாடெங்கும் உலவும் தவறான நம்பிக்கை. முத்திரைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு கூறும் ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு. பழைய தாளில் எழுதினால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லியுள்ளது. தாள் பழையது என்பதால், முன்தேதியிட்டு எழுதினார்களோ என்ற ஐயம் எழலாம். அதற்குச் சாட்சிகளைக் கொண்டு விடை சொல்ல வேண்டும். கடனைத் திருப்பித் தர நாள் குறிக்கவில்லை என்றால், பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்தக் கெடு முடியும் முன்பே அவரிடமிருந்து கையெழுத்துடன் ஓர் ஒப்புகைச் சீட்டோ, கடனில் ஒரு பகுதியைக் கட்டியதாக அவர் கையால் எழுதிய வரவுக் குறிப்போ பெற்றுவிட்டால் கெடு புதிதாகத் தொடங்கும்.